கணக்குத் தீராமல் ரசீது இல்லை

"ஜெபம் பண்ணினால் கூலி கூடுமா தோழர்?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கல்லூரி நாட்களில் மார்க்சிய வட்டத்து நண்பர்கள் கேட்டார்கள். பிறகு பெரியார் தொண்டர்கள் கேட்டார்கள். அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி நம் இயக்கங்கள் எழுந்துவந்த 1990களில் நம் ஆட்களே கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. முழங்கால் தேயத் தேய ஜெபித்த சனங்களுக்குக் கோயிலுக்குள்ளேயே தனி வரிசை கிடைத்தது, செத்தபிறகு தனிக் கல்லறை கிடைத்தது. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத் தலித்துகள் வெளியிலேயே நிறுத்தப்பட்டார்கள். சர்ச்சும் கைவிட்டது, சர்க்காரும் கைவிட்டது. இதற்குப் பிறகும் எதற்கு ஜெபம்?

நான் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவன் அல்ல. கடவுள் உண்டு என்று நிரூபிக்கவும் வரவில்லை. ஆனால் ஜெபம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு மனிதர் இருந்தார். அவர் சொல்லிக்கொடுத்தது, என் தோழர்கள் கேலி செய்யும் ஜெபம் அல்ல. பாதிரிமார் கேட்கிற ஜெபமும் அல்ல. அதிலிருந்து கிளம்பிய ஒரு கேள்வி என்னை இன்னும் விடவில்லை. மன்னிப்பது யாருடைய கடமை? அல்லது அது கடமையே இல்லையா?

1

எங்கள் ஊர் செங்கல்பட்டுப் பக்கம். ஊர் என்று சொல்வது பழக்கதோஷம். ஊர் வேறு, சேரி வேறு. ஸ்காட்லாந்து மிஷன்காரர்கள் வந்த காலத்தில் சேரியில் பாதிக் குடும்பங்கள் வேதத்தில் சேர்ந்தன. கூரை போட்ட கோயில் ஒன்று, அதற்கு ஒரு உபதேசியார். பட்டம் பெற்ற பாஸ்டர் மாதத்துக்கு ஒருதரம் வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, சாவுக்கு நிற்பது, தாலுக்கா ஆபீஸுக்கு மனு எழுதுவது எல்லாம் அவர் வேலை. சபை கொடுத்த சம்பளம் வெற்றிலைக்குப் போதாது. அறுப்புக் காலத்தில் அவரும் அரிவாள் எடுத்துக்கொண்டு இறங்குவார். நாங்கள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

என் நைனா படியாள். ஆண்டை வீட்டு வாசலில் அவர் எப்படி நிற்பார் என்பது எனக்கு நாலு வயதிலிருந்தே தெரியும். மேல்துண்டு இடுப்புக்கு வந்துவிடும். கை கட்டிக்கொள்ளும். தலை தானாகக் குனியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் அதே துண்டு, அதே கை, அதே தலை. பதினோரு வயதில் ஒருநாள் ஜெபக் கூட்டம் முடிந்ததும் தாத்தாவிடம் கேட்டுவிட்டேன்.

"ஆண்டை முன்னால நிக்கிற மாரியேதான் சாமி முன்னாலயும் நிக்கணுமா தாத்தா?"

அறை விழும் என்று பயந்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குந்தினார்.

"ஒங்க நைனா ஆண்டைகிட்ட இன்னா சொல்லுவான்?"

"நல்லா கீறோம் ஆண்டேன்னு சொல்லுவாரு."

"நல்லாவா கீறீங்க?"

"இல்ல."

"அப்ப அது பொய்யி. கை கட்டுறதும் கட்டாததும் கெடக்கட்டும்டா. ஆண்டைகிட்ட நெசத்தச் சொல்ல முடியாது. சொன்னா அடிப்பான். நெசத்தச் சொல்ல நமக்கு ஒரு எடம் வேணும். அதான் ஜெபம். இங்க வந்தும் 'நல்லா கீறோம் ஆண்டவரே'ன்னு சொன்னீனா, நீ ஆண்டைகிட்டதான் பேசிக்கினு கீற."

அதுதான் முதல் பாடம். அன்றைக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது.

2

தாத்தாவின் வேதப் புத்தகத்துக்குள் ஒரு நோட்டு இருக்கும். ஜெப நோட்டு என்பார். பக்தர்கள் வைத்திருக்கும் ஜெபக்குறிப்பு நோட்டுகளைப் பிற்பாடு பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இன்னாருக்கு வியாதி, இன்னாருக்கு வரன், இன்னாருக்கு வேலை என்று இருக்கும். தாத்தாவின் நோட்டில் கணக்கு இருந்தது. எந்த ஆண்டை வீட்டில் யார் எத்தனை நாள் அறுத்தார்கள், எவ்வளவு அளக்கவேண்டும், எவ்வளவு அளந்தார்கள், பாக்கி எவ்வளவு. யார் வீட்டுப் பெண்ணை எந்தக் களத்தில் யார் கையைப் பிடித்து இழுத்தான். யார் நிலம் எந்த வருஷம் எந்தக் கடனுக்குப் போனது.

இந்த நிலக் கணக்கைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892 முதல் நம்மவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். ஒடுக்கப்பட்ட சாதியார் அல்லாத பிறருக்கு அது போகக்கூடாது என்பது நிபந்தனை. எல்லாம் காகிதத்தில் இருந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய சில்லறைக் கடனுக்குக் கைநாட்டு வாங்கி அந்த நிலங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். எங்கள் சேரியில் அந்தக் கணக்கு எழுதியிருந்த ஒரே இடம் தாத்தாவின் ஜெப நோட்டு.

ராத்திரி சிம்னி விளக்கில் அதைச் சத்தமாகப் படிப்பார். அவர் ஜெபம் இப்படித்தான் இருக்கும்: "ஆண்டவரே, மேலத்தெரு ஆண்டை வூட்ல மூணு நாள் அறுப்பு. கூலி அளந்த மரக்கா அடியில நசுங்கினது. நெல்லு வாங்கறப்ப வேற மரக்கா. நீயும் பாத்துக்கினுதான் இருந்த. எழுதி வச்சிக்க." சனங்கள் 'ஆமென்' என்பார்கள். அழுதுகொண்டே சொல்கிறவர்களும் உண்டு, சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களும் உண்டு.

நாம் கேட்பதற்கு முன்பே நமக்கு என்ன தேவை என்று பிதாவுக்குத் தெரியும் என மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் அதைப் படித்துவிட்டு மடக்கினேன். "அவருக்குத்தான் தெரியுமே, அப்பறம் ஏன் படிக்கிற?"

"அவருக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியாது. மரக்கா நசுங்கினதுன்னு ஒங்க நைனாவுக்குத் தெரியும். அது அநியாயம்னு தெரியாது. தலவிதின்னு நெனச்சிக்கினு கீறான். பத்து பேரு முன்னால சத்தமா சொன்னாதான் அது அநியாயம்னு அவங் காதுல வுழும்."

விடிந்ததும் அதே சங்கதியை வெள்ளைத்தாளில் மனுவாக எழுதிக்கொண்டு தாலுக்கா ஆபீஸுக்கு நடப்பார். லூக்கா 18-இல் ஒரு விதவை வருகிறாள். அநீதியான நியாயாதிபதியிடம் நடையாய் நடந்து அவனை அலுத்துப்போகச் செய்து நியாயம் வாங்கியவள். விடாமல் ஜெபியுங்கள் என்பதற்காகப் பிரசங்கிமார் அவளைக் காட்டுவார்கள். தாத்தா அவள் நடந்த நடையைக் காட்டுவார். "அவ வூட்ல குந்திக்கினு கண்ண மூடிக்கினு இல்லடா. கோர்ட்டு வாசல்ல போயி நின்னா. ராத்திரி ஒருத்தருக்கு மனு, காலையில ஒருத்தருக்கு மனு. ராத்திரி படிக்காதவன் காலையில நடக்க மாட்டான்."

மனு என்ற சொல் நமக்கு இரண்டு விதமாக வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்று, 1927 டிசம்பர் 25 அன்று மகாதில் அம்பேத்கர் எரித்தது. இன்னொன்று, நம் தாத்தாக்கள் எழுதி எழுதிக் கை தேய்ந்தது.

3

இனி கடனுக்கு வருகிறேன்.

இயேசு கற்பித்த ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய ஒரு வரி உண்டு. எங்கள் கோயிலில் வாயால் சொல்லும்போது அதில் 'குற்றம்' என்ற சொல் வரும். வேதப் புத்தகத்தில் மத்தேயுவைத் திறந்தால் அங்கே 'கடன்', 'கடனாளி' என்று இருக்கும். கிரேக்க மூலத்திலும் கடன் என்றுதான் இருக்கிறது என்பதையும், இயேசு பேசிய அரமாயிக் மொழியில் பாவத்துக்கும் கடனுக்கும் ஒரே சொல்தான் என்பதையும் வெகுகாலம் கழித்துப் படித்தேன். தாத்தாவுக்குக் கிரேக்கமும் தெரியாது, அரமாயிக்கும் தெரியாது. ஆனால் 'கடன்' என்றுதான் சொல்லவேண்டும் என்று அடம்பிடிப்பார். "குத்தம்னா அது மனசுக்குள்ள கீற சமாச்சாரம். கடன்னா கணக்கு."

என் தாத்தனின் சாவுச் செலவுக்கு நைனா வாங்கியது முன்னூறு ரூபாய். அதற்கு இருபத்திரண்டு வருஷம் படியாளாக இருந்தார். அம்மா ஆண்டை வீட்டு மாட்டுத்தொழுவத்தில் சாணி அள்ளியதற்குக் கணக்கே கிடையாது. அது படியாளோடு சேர்ந்து வருவது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். கொத்தடிமைக் கடன் எதுவானாலும் அதை இனித் திருப்பித் தரவேண்டியதில்லை, அது அற்றுப்போனது என்றது சட்டம். தாத்தா அதைப் பேப்பரில் படித்துவிட்டு ஞாயிறு ஆராதனையில் வேதபாடத்துக்குப் பிறகு எழுந்து வாசித்தார். உபாகமம் 15-ஆம் அதிகாரத்தில் ஏழாம் வருஷத்தில் கடனை விடுதலை பண்ணச் சொல்லியிருக்கிறது, லேவியராகமம் 25-இல் ஐம்பதாம் வருஷத்தில் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது, மூவாயிரம் வருஷத்துக்கு மிந்தி சொன்னதை இப்பதான் கெஜட்டில் போட்டிருக்கிறான் என்றார்.

சட்டம் வந்தும் நைனா நகரவில்லை. தாத்தா இரண்டு வருஷம் மனு எழுதி நடந்தார். 1978-இல் ஒரு அதிகாரி விசாரிக்க வரப்போகிறார் என்று தெரிந்ததும் ஆண்டை நைனாவைக் கூப்பிட்டு, "போடா, ஒன் கடன மன்னிச்சி வுட்டுட்டேன்" என்றான். நைனா கண்ணில் தண்ணீரோடு வீட்டுக்கு வந்தார். ஆண்டை தங்கமான மனுஷன் என்றார். தாத்தாவுக்கு வந்த கோபத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவன் எதடா மன்னிச்சான்? கடன சட்டம் அழிச்சிட்டுது. இருவத்திரண்டு வருசம் ஒன்னு உழைச்சான், ஒம் பொண்டாட்டி உழைச்சா. கூலிய எழுதிக் கூட்டு. முன்னூறக் கழி. யாருடா கடனாளி? நீயா, அவனா?"

நைனா அப்படி ஒரு கணக்கை வாழ்நாளில் போட்டதில்லை. நானும் போட்டதில்லை. எங்கள் கடன்களை மன்னியும் என்று சொல்லும்போதெல்லாம் நாங்கள் கடன்பட்டவர்கள் என்றுதான் நினைத்திருந்தோம். அடுத்த பாதியில் வரும் கடனாளிகள் யார் என்று யாரும் கேட்டதில்லை. நமக்கு யார் கடன்படப் போகிறார்கள்? அந்த வரியில் நாம் கடன்கொடுத்தவர்களாகவும் நிற்கிறோம் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். மதம் அபின் என்று சொன்ன மார்க்ஸ், அதே பத்தியில் அதை ஒடுக்கப்பட்டவர்களின் பெருமூச்சு என்றும் சொல்கிறார். தாத்தா பெருமூச்சு விடவில்லை. பாக்கியைக் கேட்டார்.

4

1981-இல் அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டு சேரி முழுக்க வேலைக்குப் போகாமல் நின்றது. ஒன்பதாம் நாள் ராத்திரி தெற்குத்தெருக் குடிசைகள் எரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேர் எரிக்கப்பட்டதும், பின்னால் உயர் நீதிமன்றம் மிராசுகளை விட்டுவிட்டதும் எல்லாருக்கும் நினைவில் இருந்ததால், உயிர் தப்பியதே போதும் என்று ஆகிவிட்டது. தாத்தா குடிசையும் எரிந்தது. ஜெப நோட்டும் எரிந்தது.

"கணக்குதான எரிஞ்சிது. கடன் எரியல" என்றார்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் வந்தார். ஊர்ப் பெரியவர்கள் அவரைப் பார்த்துப் பேசியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. மன்னிப்பைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்தார். வழக்கு வேண்டாம், சமாதானமாய்ப் போங்கள், ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறது என்றார். பிறகு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி இயேசு கற்பித்த ஜெபத்தை ஆரம்பித்தார். எங்கள் கோயிலில் தாத்தா குரல்தான் முன்னால் போகும். எழுத்துத் தெரியாத சனங்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார்கள். அப்பம் வரைக்கும் வந்த குரல், கடன் வந்த இடத்தில் நின்றுவிட்டது. சனங்களும் நின்றுவிட்டார்கள். பாஸ்டர் மட்டும் அந்த வரியைத் தனியாகச் சொல்லி முடித்தார். அடுத்த வரிக்குத் தாத்தா குரல் மறுபடி வந்தது, சனங்களும் வந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் கூப்பிட்டுக் கேட்டார். தாத்தா கை கட்டாமல் நின்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அய்யா, எரிஞ்சது எங்க வூடு. கடன் ஒங்க பேர்ல இல்ல. அத மன்னிக்க ஒங்களுக்குப் பாத்தியத இல்ல."

அவருக்கு வந்துகொண்டிருந்த அந்தச் சொற்பச் சம்பளமும் மூன்று மாதம் நின்றது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. கல்லூரிக்குப் போய்வந்த வேகம். "அப்ப மன்னிக்கவே கூடாதுங்கறியா? அப்ப நீ எப்படிக் கிறிஸ்தவன்?" என்று கேட்டேன்.

"மன்னிப்பேன்டா. மன்னிக்கத்தான் ஆச. அவன் வரட்டும். இத்தன வூட்ட எரிச்சேன், இவ்ளோ நெல்லு திருடினேன்னு வாயால சொல்லட்டும். குடுக்க முடிஞ்சதக் குடுக்கட்டும். மிச்சத்த நான் மன்னிக்கிறேன். கணக்குத் தீராம ரசீது எழுதினா அது ரசீது இல்லடா. ஒங்க நைனா வெத்துப் பத்திரத்துல வச்ச கைநாட்டு."

சிலுவையில் இயேசு மன்னிக்கவில்லையா என்று விடாமல் கேட்டேன். "அவரே சொன்னாரு. ஆணி அடிச்சவன் முன்னால, தன் வாயால சொன்னாரு. பின்னால நின்ன ஆசாரியன் அவருக்காகச் சொல்லல" என்றார். இந்தப் பதில் எனக்கு முழுசாக நிறைவு தரவில்லை. சிலுவையில் ஆணி அடித்தவர்கள் எந்தக் கணக்கையும் ஒப்புக்கொள்ளவில்லையே. அதை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அவரு பெரிய ஆளு. நான் உபதேசியார்" என்றார்.

நாசி வதைமுகாமில் கைதியாக இருந்த யூதர் சைமன் வீசெந்தால், 'சூரியகாந்தி' என்ற நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். சாகக் கிடந்த நாசிப் படையாள் ஒருவன், தான் யூதர்களைக் கொன்றதைச் சொல்லி, யாரோ ஒரு யூதனான அவரிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறார். கொல்லப்பட்டவர்களுக்காக நான் எப்படி மன்னிக்க முடியும் என்பதுதான் அவரை விடாமல் அரித்த கேள்வி. அதைப் படித்த அன்றைக்கு எங்கள் கூரைக் கோயிலில் அந்த வரியில் நின்ற குரல் ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் தாசில்தார் முன்னிலையில் சமாதானக் கூட்டம் போடுகிறார்கள். எரித்தவனையும் எரிந்தவனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். நம் ஆட்கள் கூலி போய்விடும், பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று பயந்து கையெழுத்துப் போடுகிறார்கள். இதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்காதீர்கள். மன்னிக்காமல் இருக்க முடிகிறவன்தான் மன்னிக்க முடியும். இந்த அளவோடு தாத்தாவின் பாடம் முடிந்திருந்தால், நாம் எல்லாரும் கைதட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

5

அந்த வரிக்கு இன்னொரு பாதி இருக்கிறது.

எங்கள் சேரிக்கும் அந்தாண்டை, ஏரிக்கரை ஓரமாக ஒரே ஒரு வீடு. புதிரை வண்ணார் வீடு. எங்கள் அழுக்குத் துணி, பிள்ளை பெற்ற துணி, பெண்களின் தீட்டுத் துணி, பிணத்தின் மேல் கிடந்த துணி எல்லாம் அவர்கள் வெளுத்தார்கள். கூலி கிடையாது. பொழுது சாய்ந்ததும் அந்த வீட்டு அக்கா குண்டானைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக வந்து "சோறு போடுங்க சாமி" என்று நிற்பாள். ஆண்டை எங்களுக்கு ஆண்டை. அவளுக்கு நாங்கள் சாமி. என் ஆயா அவள் குண்டானில் தன் சட்டி படாமல் தூக்கி ஊற்றும். பதினைந்து வருஷம் தினமும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது உறுத்தியதே இல்லை. தாத்தா வீட்டிலும் அப்படித்தான் ஊற்றினார்கள்.

1983 என்று நினைவு. ஒரு ஞாயிறு மத்தேயு 5-ஆம் அதிகாரம் பாடம். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்பது அதன் சாரம். வாசித்துக்கொண்டே வந்த தாத்தா நடுவில் நிறுத்தினார். புத்தகத்தை மூடினார். கொண்டுவந்திருந்த பிடி அரிசியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். மயக்கம் வந்துவிட்டதோ என்று நான் பின்னால் ஓடினேன்.

நேராக ஏரிக்கரை வீட்டுக்குப் போனார். வாசலில் குந்தினார். தண்ணி குடு என்றார். அக்கா பதறிப்போய், "வேணாம் சாமி" என்றாள். கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு கேட்டார்: "நாங்க ஒனுக்கு எவ்ளோ தரணும்? கணக்குச் சொல்லும்மா."

அக்கா சிரித்தாள். "பொறந்த துணியிலேர்ந்து செத்த துணி வரைக்கும் கீது. எங்க போயி கணக்குப் போடறது?"

"எங்கள மன்னிப்பியா?"

சிரிப்பு நின்றுவிட்டது. துணி மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மன்னிச்சிட்டேன்னு சொல்லட்டுமா? சொல்றன். நாளைக்கும் நான் ஒங்க வாசல்லதான சோத்துக்கு வரணும்?"

தாத்தா ஆண்டையைப் பார்த்துச் சொன்னதைத்தான் அவள் தாத்தாவைப் பார்த்துச் சொன்னாள். திரும்பி வரும்போது அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஏரிக்கரை முடிகிற இடத்தில் நின்று, "இத்தினி வருசமா பாதி ஜெபந்தான்டா பண்ணிக்கினு இருந்தேன்" என்றார்.

வெளுப்புக்குக் கூலியாக நெல் அளக்கவேண்டும், ராச்சோறு கூடாது, யாரும் அவளைச் சாமி என்று கூப்பிடவைக்கக் கூடாது என்று சபைக் கூட்டத்தில் வைத்தார். ஆண்டைக்கு எதிராகக் குரல் நின்ற இடத்தில் தானும் நின்ற அதே சனங்கள் இப்போது அவர்மேல் பாய்ந்தார்கள். நமக்கே கூலி இல்லை, இதில் அவங்களுக்கு அளக்கணுமா என்றார்கள். என் நைனாவும் கத்தினார். சிலர் அளந்தார்கள், பலர் அளக்கவில்லை. ஆறேழு வருஷத்தில் அந்தக் குடும்பம் தாம்பரம் பக்கம் இஸ்திரி வண்டி போட்டுப் பிழைக்கப் போய்விட்டது. மன்னித்துவிட்டேன் என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

1994-இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நம் வட்டத்தில் பெரிய சண்டை நடந்தது. கிறித்தவப் புதிரை வண்ணாத்தி ஒருத்தியின் கதை அது. நம் சேரிகளே அவளை எப்படி நடத்தின என்று எழுதியிருந்தார். எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறார் என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் கொஞ்சம் எனக்கும் இருந்தது. ஏரிக்கரையில் தாத்தா சொன்னது நினைவுக்கு வந்து அடங்கினேன். எதிரியிடம் நாம் கணக்குக் கேட்கிறோம் என்பது நாம் பிறருக்குத் தரவேண்டிய கணக்கை அழித்துவிடாது. இரண்டும் ஒரே வரியில்தான் இருக்கின்றன.

6

1980களில் பெங்களூர், மதுரை இறையியல் கல்லூரிகளில் தலித் இறையியல் பேசத் தொடங்கினார்கள். மதுரை அரசரடியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டுக் கட்டி, கடவுளைப் 'பெத்தவரு' என்று நம் மொழியில் கூப்பிடவைத்தார். அதெல்லாம் பெரிய காரியம். எங்கள் தாத்தாவின் பெயர் எந்த இறையியல் புத்தகத்திலும் வராது. 1992-இல் செத்தார்.

தீக்குப் பிறகு அவர் புதிதாக ஒரு நோட்டுப் போட்டிருந்தார். அது என்னிடம் இருக்கிறது. இடதுபக்கம் 'வரவேண்டியது'. வலதுபக்கம் 'தரவேண்டியது'. இடதுபக்கம் நிறைய எழுதியிருக்கிறது. ஞாபகத்திலிருந்து பழைய கணக்கையெல்லாம் திரும்ப எழுதியிருக்கிறார். வலதுபக்கம் கொஞ்சம்தான். முதல் வரியில் ஏரிக்கரை வீடு. தொகை போடாமல் விட்டிருக்கிறார். கடைசி வரியில் தன் மனைவியின் பெயர். அதற்கு எதிரே 'நாற்பத்தொரு வருஷம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

அடக்கத்தன்று கல்லறையில் இயேசு கற்பித்த ஜெபம் சொன்னார்கள். கடன் வந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். கடவுளை நம்பாதவன் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் சேரியில் என்னோடு இன்னும் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அதில் சிலர் ஏரிக்கரை வீட்டுக்கு நெல் அளக்காதவர்கள். அவர்கள் எந்தப் பாதிக்காக நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எந்தப் பாதிக்காக நின்றேன் என்பதையும் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜெபம் பண்ணினால் கூலி கூடுமா? கூடாது, தோழர். எங்கள் ஊரில் கூலி கூடியது வேலைக்குப் போகாமல் நின்றதால். ஆனால் நிற்பதற்கு முன்னால் வருஷக்கணக்கில் ராத்திரி ராத்திரியாக ஒருவர் கணக்கைச் சத்தமாகப் படித்தார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நின்றோம். அதை ஜெபம் என்று கூப்பிடுவதில் உங்களுக்குச் சங்கடம் இருந்தால் வேறு பெயர் வையுங்கள். ஆனால் நம் சங்கத்திலும் கட்சியிலும் பத்திரிகையிலும் அந்த நோட்டு ஒன்று இருக்கட்டும். வலதுபக்கத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.